ஏரி மேல வீடு

போன வருஷம் பொங்கலுக்கு எங்க வீட்டில் நடந்ததை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். கை வரல. தப்பு என் பேர்ல இருந்ததால் இருக்கலாம். இந்த வருஷம் சம்பா அறுப்பு முடிஞ்சு, நெல்லும் மூட்டைக்குப் போயாச்சு. இப்ப எழுதிடறேன்.

என் பொண்ணு தி.நகர்ல இருக்கா. பேரனுக்கு ஒன்பது வயசு. நாலு வயசுலேர்ந்து அவனுக்கு இழுப்பு உண்டு. டாக்டர்கள் ஆஸ்துமான்னு சொல்லி, தினமும் காலையிலும் ராத்திரியும் இழுக்க ஒரு பம்பு கொடுத்திருந்தாங்க. எனக்கு அந்தப் பம்பைக் கண்டாலே ஆகாது. "பட்டணத்துக் காத்துதான் புள்ளைய கெடுக்குது. நம்ம ஊருக்கு அனுப்பு, பத்து நாள்ல சரியாயிடும். அந்தப் பம்பெல்லாம் பழக்கமாயிடும், விட்டுடு"ன்னு போன்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்கிட்டே இருப்பேன்.

போகிக்கு முந்தின நாள் வந்தாங்க. என் பேச்சைக் கேட்டு அவளும் ரெண்டு நாள் பம்பை நிறுத்தினா. பையன் களத்துல வைக்கோல் போர் மேல ஏறிக் குதிச்சான். ராத்திரி பரண்லேர்ந்து இலவம்பஞ்சு மெத்தையை இறக்கி அவனுக்குப் போட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு வாசல்ல பழைய பாயும் கூடையும் போட்டுப் போகி கொளுத்தினோம். தெரு முழுக்கப் புகை. ஆறு மணிக்குள்ள பையனுக்கு விலா எலும்பு உள்ள இழுக்குது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல. செய்யாறுக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். நெபுலைசர் வெச்சு, ஊசி போட்டு, சாயங்காலம்தான் தேறினான். பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணு என்னை ஒரு வார்த்தை சொல்லல. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

பட்டணத்துக் காத்து கெட்டது, கிராமத்துக் காத்து நல்லதுன்னு நாம சொல்லிக்கிட்டிருக்கோமே, அது எவ்வளவு தூரம் உண்மைன்னு அன்னிக்குத்தான் யோசிச்சேன். ஊருக்குத் திரும்பினதும் அவங்க டாக்டர் ஒரு வேலை கொடுத்தாராம்: "ஒரு நோட்டு போடுங்க. எப்ப இழுப்பு வருது, அன்னிக்கு எங்க இருந்தான், என்ன செஞ்சான், எதுக்குப் பக்கத்துல இருந்தான்னு எழுதுங்க." பொண்ணு எழுதினா. நான் மாசம் ஒரு தடவை அரிசி கொண்டு போகும்போது அந்த நோட்டைப் படிப்பேன். அதிலிருந்த ஒவ்வொரு இடத்துக்கும் பின்னாடி ஒரு பழைய கதை இருந்துச்சு.

முதல்ல தி.நகர். நோட்டுல பாதிக்கு மேல "ராத்திரி, வீட்டில், படுக்கையில்"னுதான் இருந்துச்சு. அவங்க இருந்தது ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். ஒரு நாள் வாசல்ல கேபிளுக்காகப் பள்ளம் தோண்டிக்கிட்டிருந்தாங்க. வெளிய வந்த மண்ணைக் கையில எடுத்து உருட்டிப் பார்த்தேன். கருப்புக் களி, வழவழன்னு வண்டல். எங்க ஏரியில கோடைக்குத் தூர் எடுப்போமே, அதே மண். "ஏம்மா, இது ஏரி மண்ணாச்சே"ன்னேன்.

உண்மையிலேயே ஏரிதான். நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டை வரைக்கும், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, பிறை நிலா மாதிரி வளைஞ்சு கிடந்தது அந்த நீர்நிலை. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். ஒரு பக்கம் நுங்கம்பாக்கம் ஏரி, இன்னொரு பக்கம் மயிலாப்பூர் ஏரி. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஜனங்கள் பெருகிவிட்டார்கள், வீடு கட்ட இடம் வேண்டும் என்று நீதிக்கட்சி ஆட்சியில், 1923 வாக்கில், மாம்பலம் பக்கத்து ஏரித் தண்ணீரை வடித்துத் தூர்த்து மனை போட ஆரம்பித்தார்கள். 1925இல் காலமான சர் பிட்டி தியாகராயரின் பெயர் அந்தப் புது ஊருக்கு வந்தது. முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் நடுவில் ஒரு பூங்கா. நடேசன், உஸ்மான், டாக்டர் நாயர் என்று அந்தக் காலத்துத் தலைவர்கள் தெருத்தெருவாக இருக்கிறார்கள். ஏரிக்கு மட்டும் பெயர் இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று கரைக்குத்தான் பெயர் மிஞ்சியது. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரி நிலத்தில்தான்.

ஏரியைத் தூர்த்தாலும் தண்ணிக்குத் தன் இடம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில நிலத்தடி நீர் மேல வரும்போது தரைத்தளத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறும். சுண்ணாம்பு உரியும். மெத்தையை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தாங்க.

இதுக்கும் இழுப்புக்கும் என்ன சம்பந்தம்? கடலை வடித்து நிலம் எடுத்த நெதர்லாந்தில் இதற்கு விடை கிடைத்தது. வீட்டுத் தூசி பட்டால் சிலருக்கு ஆஸ்துமா வருகிறது என்பது முன்பே தெரியும். ஆனால் தூசியில் எது என்று தெரியவில்லை. லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. காய்ந்த வீட்டுத் தூசியை விட ஈரமான வீட்டுத் தூசிதான் நோயாளிகளை அதிகம் படுத்தியது. நுண்ணோக்கியில் தேடி 1964இல் ஆளைப் பிடித்துவிட்டார்கள். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம் கூட இல்லாத தூசிப்பூச்சி, எட்டுக்கால், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் எச்சம்தான் மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. அதற்கு மெத்தை, தலையணை, கம்பளி, பஞ்சு பொம்மை எல்லாம் நல்ல விளைநிலம். சென்னைக் காற்றில் ஆண்டு முழுக்க ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஏரி மேல் கட்டிய தரைத்தளம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பரண்ல நாலு வருஷமா கிடந்த என் இலவம்பஞ்சு மெத்தையும் இதே கதைதான். எங்கம்மா இருந்தவரைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை மெத்தையை வெயில்ல போட்டு, தடியால அடிச்சு எடுப்பாங்க. நல்ல வெயிலின் சூடும் வறட்சியும் அந்தப் பூச்சிக்கு ஆகாது. அம்மாவுக்குப் பூச்சி தெரியாது, வேலை தெரிஞ்சிருந்துச்சு. அவங்க போன பிறகு நாங்க விட்டுட்டோம்.

நோட்டுல அடுத்தது "வெள்ளிக்கிழமை, மயிலாப்பூர்". சம்பந்தியம்மா வீடு மாட வீதிக்குப் பக்கத்துல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அன்னிக்கு வீட்டில் சாம்பிராணி போடுவாங்க, கூடவே கட்டு ஊதுவத்தி. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்திட்டுச் சுருள் கொளுத்துவாங்க. நாலு வெள்ளியில மூணு வெள்ளி ராத்திரி பையனுக்கு இருமல். சம்பந்தியம்மா நம்பல. "புகை சளியை முறிக்கும் சம்பந்தி, காலங்காலமா குழந்தைங்களுக்குத் தலைக்குக் குளிப்பாட்டிக் காட்டறதுதானே"ன்னாங்க.

அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போகி கொளுத்தினவன் நான். அதோட, இழுப்புக்குப் புகையே மருந்து என்று உலகம் முழுக்க நம்பிய காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது நம்ம சென்னையிலிருந்துதான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடிப் பைத்தியம். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளி வளர்த்து, அதில் சாயம் தரும் பூச்சியை வளர்க்கப் பார்த்தவர். இந்த ஊர் ஆட்கள் இழுப்பு வந்தால் ஊமத்தையைக் காயவைத்துப் புகை பிடிப்பதைக் கவனித்தார். 1802இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அந்தச் செடியைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்கு எடுத்துப் போனார். எடின்பரோவில் சிம்ஸ் என்ற மருத்துவர் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. அடுத்த நூறு வருஷத்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊமத்தை இனச் செடிகளில் செய்த ஆஸ்துமா சிகரெட்டும் பொடியும் கடையில் விற்றன. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் இப்படிப்பட்ட பொடியைப் படுக்கையறையில் கொளுத்தி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவர்தான். ஆண்டர்சன் 1809இல் சென்னையிலேயே இறந்தார். கதீட்ரல் சாலை ஜார்ஜ் தேவாலயத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஊமத்தையில் சரக்கு இல்லாமல் இல்லை. அதில் இருக்கும் அட்ரோபின் வகைப் பொருட்கள் சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும். அந்தப் பரம்பரையில் வந்த இப்ராட்ரோபியம் என்ற மருந்தை இன்றைக்கும் நெபுலைசரில் போடுகிறார்கள். ஆனால் புகை புகைதான். மருந்து ஒரு கை விரித்தால், கரியும் தாரும் இன்னொரு கையால் இறுக்கும். செடிக்குச் செடி விஷத்தின் அளவு மாறும், கொஞ்சம் கூடினால் பிதற்றலும் மரணமும். நம்ம வேலியோரம் நிக்குதேன்னு யாரும் கை வெச்சுடாதீங்க. மருந்தைப் புகையிலிருந்து பிரித்து எடுத்து, அளவாக உள்ளே அனுப்பும் கருவி வர 1956 ஆனது. அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனி அதிகாரியின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. "தலைமுடி ஸ்பிரே மாதிரி என் மருந்தும் டப்பாவுல வரக்கூடாதா?" என்று அவள் கேட்டதிலிருந்து பிறந்ததுதான் நான் திட்டிக்கொண்டிருந்த பம்பு.

சம்பந்தியம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கூடவே 2003இல் வெளியான ஓர் ஆய்வையும் சொன்னேன். ஒரு கொசுவத்திச் சுருள் முழுக்க எரிந்தால், 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்கு நுண்ணிய புகைத்துகள் வருமாம். அவங்க கொஞ்ச நேரம் பேசல. "சாமிக்கு விளக்கு போதும்"னு சொல்லிட்டாங்க. ஜன்னலுக்கு வலை அடிச்சுட்டாங்க.

கிராமத்துக்காரங்க இதைப் படிச்சு நிமிர்ந்து உட்கார வேண்டாம். போரூர் ராமச்சந்திரா கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டு கிராமத்து வீடுகளில் விறகு அடுப்புப் புகையை அளந்து 2002இல் எழுதினார்கள். சமைக்கும் பெண்கள் வாங்கும் புகை மட்டும் இல்லை, சமைக்காமல் அதே வீட்டில் இருப்பவர்கள் வாங்குவதும் அதில் இருந்தது. எங்கம்மா கடைசிப் பத்து வருஷம் இருமியே கழிச்சாங்க. வயசாயிடுச்சுன்னு நினைச்சோம். 2006க்கு அப்புறம் அரசு கொடுத்த காஸ் அடுப்பு எங்க வீட்டுக்கு வந்தப்ப அவங்க இல்லை.

மூணாவது இடம் அடையாற்றங்கரை. மாப்பிள்ளையோட அக்கா வீடு கோட்டூர்புரத்துல, தரைத்தளம். "ஞாயிறு, அத்தை வீடு, சாயங்காலம் தும்மல், ராத்திரி வீசிங்"னு நோட்டுல நாலைஞ்சு இடத்துல இருந்துச்சு. அந்த வீட்டில் சாம்பிராணி கிடையாது, நாய் பூனை கிடையாது. எனக்கு உடனே சந்தேகம் வேலியோர எதிரி மேலதான் போச்சு: சீமைக்கருவேலம்.

அந்த மரத்தோட எனக்கு முப்பது வருஷப் பகை. எங்க ஊர்ல காமராஜர் காலத்துல வந்ததுன்னு சொல்வாங்க. கதை அதற்கும் முந்தியது. சென்னை மாகாணத்து வன அதிகாரி பெட்டோம் 1876இல் விறகுக்காக விதை கேட்டு எழுத, 1877 வாக்கில் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். நல்லெண்ணத்தில் வந்த மரம் ஏரியும் கால்வாயும் பிடித்து, 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போடும் நிலைக்கு வந்தது. அதன் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தரும் என்பதும் உண்மை. 1950களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய பார்த்தீனியமும் அப்படித்தான். அதனால நான் தீர்ப்பே எழுதிட்டேன்: ஆத்தங்கரை கருவேலம்தான் காரணம்.

டாக்டர் பையன் கையில் ஊசி முனையால கீறி ஒவ்வாமைப் பரிசோதனை செஞ்சாங்க. கருவேல மகரந்தத்துக்கு ஒண்ணுமே இல்லை. தூசிப்பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும்தான் தோல் தடிச்சுது. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் ஏமாற்றம் கூட, பொய் சொல்ல மாட்டேன்.

பூஞ்சணம் எங்கேயிருந்து? 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு கரை உடைத்து வந்தபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டையெல்லாம் மூழ்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வீட்டில் இடுப்பளவு தண்ணி. எல்லாத்தையும் தூக்கிப் போட்டவங்க, சீதனமா வந்த தேக்கு பீரோவை மட்டும் துடைச்சு அதே சுவர்ல சாத்தி வெச்சுட்டாங்க. பையன் கண்ணாமூச்சி ஆடும்போது அதுக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சுக்குவான். நகர்த்திப் பார்த்தா சுவர் முழுக்கக் கருப்பா, பச்சையா பூத்துக் கிடந்துச்சு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஜான் ஃபிளாயர் என்ற மருத்துவர் இருந்தார். அவருக்கே ஆஸ்துமா, 1698இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். மதுக் கிடங்குக்குள் போய் வந்த ஒருவருக்குக் கடுமையாக இழுத்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். கிடங்கும் பீரோ சந்தும் ஒண்ணுதான்: ஈரம், இருட்டு, காத்து புகாத இடம்.

ஒரு நோட்டால என்ன ஆகும்னு நினைக்கறவங்களுக்கு ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா கதை சொல்லணும். 1981லிருந்து 1987 வரை அந்த ஊரில் திடீர் திடீரென்று ஒரே நாளில் கும்பல் கும்பலாக ஆஸ்துமாக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்படி 26 நாட்கள். மற்ற நாட்களில் அதே ஊர், அதே வண்டிப் புகை, ஒன்றும் இல்லை. மருத்துவர்கள் தேதிகளை வரிசையாக எழுதி, அன்றைக்குத் துறைமுகத்தில் என்ன நடந்தது என்று ஒத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தேதியிலும் கப்பலிலிருந்து சோயா மொச்சை இறங்கியிருந்தது. தானியக் கிடங்கில் வடிகட்டி இல்லாததால் தூசி ஊர் மேல் பறந்திருக்கிறது. வடிகட்டி பொருத்தினார்கள், கும்பல் நின்றது. ஊர்க் காற்றே கெட்டுப்போச்சு என்று விட்டிருந்தால் கடைசி வரை தெரிந்திருக்காது. நெல் தூத்தும் களத்துல நிக்கிற எனக்கு இது நல்லாவே புரிஞ்சுது.

இதனால பட்டணத்துக் காத்தை நான் நல்லதுன்னு சொல்லல. 2018 போகி அன்றைக்குக் காலை சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன. அதே வருஷம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் தீபாவளி வெடிக்குக் காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று வந்தது. உஸ்மான் சாலையில தீபாவளி வாரம் நடந்து பாருங்க, எனக்கே நெஞ்சு அடைக்கும். அந்த வாரங்கள்ல பையனை அந்தப் பக்கம் கூட்டிப் போறதில்ல. ஆனா அவன் நோட்டுல ரோடு கொஞ்சம்தான். வீட்டுக்குள்ளதான் அதிகம். வேற குழந்தைக்கு வேற மாதிரி இருக்கும், கரப்பானா இருக்கலாம், பூனையா இருக்கலாம், குளிர்காத்தா இருக்கலாம். உங்க வீட்டு நோட்டை நீங்கதான் எழுதணும்.

பொண்ணு வீட்டில் செஞ்சது இவ்வளவுதான். அதே தெருவுல ரெண்டாவது மாடிக்கு மாறினாங்க, வாடகை கூட. மெத்தைக்கும் தலையணைக்கும் தூசி புகாத உறை. படுக்கை விரிப்பை வாரம் ஒரு தடவை நல்ல சூட்டுத் தண்ணியில அலசறாங்க. பஞ்சு பொம்மை ரெண்டே ரெண்டு. பெருக்கறதுக்குப் பதில் ஈரத்துணியால துடைக்கறாங்க, அந்த நேரம் பையன் அறையில இருக்கறதில்ல. கோட்டூர்புரத்துல பீரோவை எடுத்துட்டுச் சுவரைச் சுரண்டிக் காயவெச்சாங்க. பம்பை மட்டும் நிறுத்தல. எதையெல்லாம் தவிர்த்தாலும் மருந்தைக் குறைக்கறது டாக்டர் கையிலதான்னு தெளிவா சொல்லியிருக்காங்க. நானும் இப்ப வாயைத் திறக்கறதில்ல.

இங்க நான் செஞ்சது: பழைய மெத்தையைத் தூக்கிட்டுக் கோரைப்பாய் வாங்கினேன். அறுப்பு முடிஞ்சு, வைக்கோலை மெஷின்ல கட்டி, கொட்டகைக்கு அந்தப் பக்கம் அடுக்கிட்டுத்தான் அவங்களை வரச் சொன்னேன். வைக்கோல் சுனையும் பதர்த் தூசியும் அடங்க ஒரு வாரம் ஆச்சு. போகிக்கு எங்க தெருவுல எட்டு வீட்டுக்குப் போய்ப் பேசினேன். ஆறு வீடு கொளுத்தல. ரெண்டு வீட்டுக்காரங்க கொளுத்தினாங்க, அந்த ரெண்டு மணி நேரம் பையனை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். ஏரிக்கரை மேல ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"தாத்தா, எங்க வீடும் ஏரிக்குள்ளதானே இருக்கு?"ன்னு கேட்டான். ஆமாம்னேன். "அப்ப தண்ணி எங்க போச்சு?"ன்னான்.

ராத்திரி பொண்ணு நோட்டைத் திறந்து எழுதறதை எட்டிப் பார்த்தேன். "போகி. ஊர். இருமல் இல்லை. ரெண்டு வேளைப் பம்பு மட்டும்." அதுக்குக் கீழே பென்சில்ல பையன் கையெழுத்துல ஒரு வரி: "தாத்தா வீட்டுல நல்லா தூங்கினேன்."